மூன்று படி ஏறியிருந்த சுருதி

மூணாறு பஸ் நிலையத்திலிருந்து ஜீப் கிளம்பும்போது கீபோர்டைப் பின்னால் வைக்கச் சொன்னார் சாமுவேல் அண்ணன். வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டேன். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

எஸ்டேட் பாதையில் ஜீப் ஒவ்வொரு கல்லையும் விசாரித்துக்கொண்டுதான் போகும். கீபோர்டின் முனை இரண்டு முறை என் தாடையில் இடித்தது. தேயிலைக்கு மருந்து அடித்திருந்தார்கள். அந்த நெடி தொண்டையில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. தொழிற்சாலையைத் தாண்டும்போது மட்டும் காயும் இலையின் மணம் வந்தது.

சாமுவேல் அண்ணன் எஸ்தரக்காவின் கணவர். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அன்றைக்குக் கிடைத்த சவாரியை வேறு வண்டிக்காரரிடம் தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொள்ள வந்திருந்தார். நான் எதற்காக வருகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அக்காவை மறுபடி நாடகத்தில் பாடக் கூப்பிட வருகிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

நாலு மாதமாக வீட்டில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை என்றார். முன்பெல்லாம் அரிசி களையும்போது பாடுவாளாம், துணி மடிக்கும்போது பாடுவாளாம், சண்டை போட்டுவிட்டுக் கோபத்திலும் பாடுவாளாம். இப்போது சர்ச் பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்திருக்கிறாள் என்றார்.

"நீங்க சொன்னாக் கேப்பா தம்பி. உங்க மேல அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை."

ஜீப்பைத் திருப்பச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் எதிரே வண்டி வந்தது.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் பஸ், புத்தகம், கச்சேரி, சாப்பாட்டுக் கடை என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: வாசித்த குழுக்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்களே, எங்கள் ஊரில் போட்ட அந்த லாரிக்காரர் நாடகத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மறக்கவில்லை, ஐயா. ஒவ்வொரு வாரமும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு வேறு ஏதாவது ஞாபகம் வந்து காப்பாற்றிவிடும். மறையூர் கரும்புச்சாறு பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினேனே, அதுகூட இதை எழுதாமல் தப்பிக்கத்தான். கரும்புச்சாறு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு நீளத்துக்கு இல்லை.

இந்த வாரம்தான் தொடரைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக: என் பெயர் சென்னியப்பன். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் நல்லேப்பிள்ளி. வீட்டில் நெல் விவசாயம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அந்த வயல் போதும். எனக்கு எதுவுமே போதாது, அதுதான் என் வியாதி. கீபோர்டு வாசிக்கிறேன். சொந்தமாகக் குழு கிடையாது. யார் கூப்பிட்டாலும் போவேன். சர்ச் கல்யாணம், கோயில் விழா, கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி, நாடகம், எதுவானாலும் சரி. பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை என் கீபோர்டு உறையில் படாத மண் கிடையாது.

உட்கார்ந்தால் ஓடாத மூளை

வீட்டில் உட்கார்ந்து என்னால் ஒரு பக்கம் படிக்க முடியாது. கால் ஆட ஆரம்பித்துவிடும். கட்டில் கழன்றுவிடும் என்று அம்மா சத்தம் போடுவார். அதே புத்தகம் பஸ் நகர ஆரம்பித்ததும் கண்ணுக்குள் தானாக இறங்கும். அதனால் என் வாசிப்பு முழுக்க உடுமலை வழியாகவும் திருச்சூர் வழியாகவும்தான் நடந்திருக்கிறது.

மலையாளம் எழுத்துக் கூட்டிப் படித்ததே பஸ் பலகைகளில்தான். பிறகு சுவரொட்டி, பிறகு வார இதழ், பிறகு நாவல். இப்போது பையில் எப்போதும் ஒரு தமிழ் நாவலும் ஒரு மலையாள நாவலும் இருக்கும். மாற்றி மாற்றிப் படிப்பேன். ஒரு தடவை மலையாளக் கதையில் நடந்த கல்யாணத்தையும் தமிழ்க் கதையில் நடந்த கொலையையும் குழப்பிக்கொண்டு, மாப்பிள்ளை மேல் இரண்டு நாள் காரணமில்லாமல் சந்தேகப்பட்டேன்.

பேச்சும் அப்படித்தான். ஒரே வாரத்தில் கல்பாத்தி அக்ரகாரத்து வீடொன்றில் "உள்ள வாங்கோ" என்பார்கள், எங்கள் பக்கத்தில் "ஊட்டுக்குள்ள வாங்க" என்பார்கள், எஸ்டேட்டில் "வாங்க தம்பி, ஏன் வெளியவே நிக்கிய" என்பார்கள். எல்லாம் தமிழ், எல்லா இடத்திலும் காப்பி கிடைக்கும். கேட்டதையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைப்பேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. எழுதாவிட்டால் கை அரிக்கும்.

நாடகம் என்னைப் பிடித்தது பாலக்காட்டில். மலையாள நாடகக் குழு ஒன்று வந்திருந்தது. எல்லோரும் நடிகர்களைப் பார்த்தார்கள். நான் மேடையின் இடது ஓரத்தில் துணிக்குப் பின்னால் இருந்த கீபோர்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு விரலை வைத்தால் மழை வந்தது, இன்னொன்றை எடுத்தால் கதவு சாத்தியது. கதாநாயகி அழுவதற்கு அரை நொடி முன்னாலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது. அந்த ஓரத்து இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதைக் கொடுத்தவர் குமரேசன் சார்.

வாளையாரில் கிடைத்த பாட்டு

குமரேசன் சார் பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் நாடகக்காரர். அவர் எழுதிய நாடகத்துக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, ஆனால் எல்லோரும் லாரிக்காரர் நாடகம் என்றே சொன்னோம். வாளையார் சோதனைச்சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகள். ஊருக்கு வராத ஒரு டிரைவரைத் தேடி அவர் மனைவி அங்கே வருகிறாள். ஒவ்வொரு லாரியாக விசாரிக்கிறாள். கடைசியில் ஒரு பாட்டு. அந்தப் பாட்டு வேண்டும் என்று சார் என்னிடம் சொல்லி இரண்டு மாதம் ஆகியும் எனக்கு ஒரு வரி வரவில்லை.

பிறகு ஒருநாள் வாளையாரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் சிமென்ட் தூசி. பக்கத்து மேஜையில் ஒரு பெண் யாரோ டிரைவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். புருஷனைப் பார்த்தால் தகவல் சொல்லச் சொன்னார். கோபம் இல்லை, அழுகை இல்லை, கடைக்காரரிடம் சாமான் சொல்வது மாதிரி சொன்னார். பஸ் ஏறுவதற்குள் பாட்டு வந்துவிட்டது.

*வந்தாச் சொல்லுங்க, வராட்டியும் சொல்லுங்க,*
*சோறு ஆறுதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.*

கடைசி 'சொல்லுங்க' மேலே ஏறி அங்கேயே நிற்கும். நிற்க வைக்கத் தெரிந்த குரல் வேண்டும். மூணாறு சர்ச் ஒன்றில் ஈஸ்டருக்கு வாசித்தபோது கேட்ட ஒரு குரல் நினைவுக்கு வந்தது. அதுதான் எஸ்தரக்கா. தேயிலைத்தூளும் சாக்லேட்டும் விற்கிற கடையில் வேலை பார்த்தார். அவர் அக்கா கஞ்சிக்கோட்டில் இருந்ததால், நாடகம் இருக்கும் நாட்களில் கீழே இறங்கி வந்து அங்கே தங்கிக்கொள்வார்.

அலங்காரமே இல்லாத குரல். அவர் 'சோறு ஆறுது' என்று பாடினால் எனக்கு நிஜமாகவே பசிக்கும். ஒரு வருஷம் அந்தப் பாட்டுக்காகவே ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

பிறகு அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன். கழுத்தில் கத்தி வைக்கிறார்கள் என்றதும் எங்களுக்கெல்லாம் ஒரே யோசனைதான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறு மாதம் ஓய்வு. டாக்டர் மெதுவாகப் பாடலாம் என்று சொன்ன பிறகு, கொழிஞ்சாம்பாறையில் மறுபடி நாடகம் போட ஏற்பாடு ஆனது.

ஒத்திகையில் மெல்லக் கேட்டேன், சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா என்று. அக்கா மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம் தம்பி. பழைய எடத்துலயே இருக்கட்டும். எறக்கிட்டா ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சிரும்."

திரையில் ஒரு சின்ன எண்

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கீபோர்டில் சுருதி மாற்ற ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவருக்கு ஒரு படி மேலே வேண்டுமா, ஒரு தடவை அழுத்து. மூன்று படி வேண்டுமா, மூன்று தடவை. விரல்கள் பழகிய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் ஏறி வரும். முறையாகப் படித்தவர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று ஓடுகிறவனுக்கு அந்தப் பட்டன்தான் சோறு.

ஏற்றிய எண் திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும். பெரும்பாலான கீபோர்டுகளில் அணைத்து எழுப்பினால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான் சோம்பேறி. என் கீபோர்டில் அந்த எண் அழியாமல் இருக்கும்படி வைத்திருந்தேன்.

நாடகத்தன்று காலையில் கஞ்சிக்கோட்டில் ஒரு சர்ச் கல்யாணம். பெண்ணின் அண்ணன் பாடினார். கீச்சுக் குரல். மூன்று படி ஏற்றிக் கொடுத்தேன். பிரியாணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றி, மாலை ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறை மேடையில் போய் உட்கார்ந்தேன்.

நாடகத்தில் கீபோர்டைத் தவிர, தாளத்துக்கு ஒரு ரிதம் பேட்தான். சுருதி பேசுகிற வாத்தியம் வேறு எதுவும் இல்லை. மழை, ஹாரன், சோகம், திகில் எல்லாம் ஏதோ ஒரு சுருதியில் ஒலித்தன, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலையிலிருந்து ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்த என் காதுக்கும் தெரியவில்லை.

அக்கா பாட நின்றார். நான் சுருதி கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். என்னை நம்பித்தானே பிடிப்பார்?

முதல் வரி போனது. கொஞ்சம் மெலிந்து ஒலித்தது, மைக் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆபரேஷன் தழும்பை மறைக்க ஒரு பாசிமாலை போட்டிருந்தார், அது மேலும் கீழும் போனது. அப்போதுதான் மேடை வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். மூன்று.

பாட்டின் நடுவே இறக்க முடியுமா? முடியும். இரண்டு வரிக்கு இடையில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. அசிங்கமாக இருந்திருக்கும், கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். கீபோர்டுக்காரன் சொதப்பினான் என்று நாலு பேர் சிரித்திருப்பார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்து என் விரல் பட்டனுக்குப் போகவில்லை. அந்த மூச்சு இடைவெளி வந்தது, போய்விட்டது.

கடைசி 'சொல்லுங்க'வில் குரல் ஏறி, கிழிந்து, நின்றுபோனது.

அக்கா அந்தக் கடைசி வரியைப் பாடாமல் பேச்சாகவே சொன்னார். கைதட்டல் எழுந்தது. அழுகையில் தொண்டை அடைத்துவிட்டதாக நடிக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கைதட்டலின் நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். இந்தத் தொடரில் இதுவரை எழுதாமல் இருந்தது இதைத்தான். யாரும் பார்ப்பதற்குள் இறக்கும் பட்டனை மூன்று தடவை அழுத்தி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"போயிருச்சு தம்பி"

திரை போட்டதும் அக்கா நேராக என்னிடம்தான் வந்தார். அழவில்லை. கீபோர்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என் குரல் போயிருச்சு தம்பி," என்றார். அவ்வளவுதான்.

வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சுருதி தப்புங்கக்கா, என் தப்புங்க. இரண்டு மொழியில் கதை படிக்கிறேன், பிறத்தியார் பேசுவதையெல்லாம் டைரியில் எழுதி வைக்கிறேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் எந்த மொழியிலும் வரவில்லை. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க, சரியாயிரும் என்று சொன்னேன். ஒரு பொய்யை அக்கறை மாதிரிச் சொல்ல எனக்கு எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஊருக்குப் போனார். இனி வரமாட்டேன் என்று குமரேசன் சாருக்குப் போனில் சொன்னார். நாடகத்துக்குத் தேதி கொடுத்திருந்த ஊர்கள் இருந்தன. சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒத்திகையில் பதிவு செய்த அக்காவின் குரல் என்னிடம் இருந்தது. டிரைவர் மனைவி வேஷத்தில் வேறொரு பெண் மேடையில் உட்கார்ந்திருப்பார், அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் வரும். அதை ஒலிக்க விடுவது என் வேலை.

ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கடைசி 'சொல்லுங்க' மேலே போய்ப் பிசகாமல் நிற்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாதங்களில் நான் அலைந்த அலைச்சல் எனக்கே புதிது. கூப்பிடாத இடத்துக்கெல்லாம் நானே போன் செய்து வேலை கேட்டேன். பஸ்ஸில் ஏறினால் புத்தகம் திறந்தபடி இருக்கும், ஒரே பக்கத்தில் உடுமலை வந்துவிடும். டைரியில் எழுத ஒரு சொல்லும் காதில் விழவில்லை. வாசிக்க உட்கார்ந்தால் முதலில் திரையைப் பார்ப்பேன், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பேன். பூஜ்யம், பூஜ்யம். கல்யாண வீட்டுக்காரர்கள் கீபோர்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள்.

தத்தமங்கலத்தில் நாடகம் முடிந்ததும் ஒரு பெரியம்மா மேடைக்கே வந்துவிட்டார். பாடின புள்ளையக் கூப்புடுங்க, ஒரு வார்த்தை பேசோணும் என்றார். சார் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, பாடியவருக்கு ஆபரேஷனில் குரல் போய்விட்டது, இனி அவரால் பாட முடியாது என்று பதில் சொன்னார். வேண்டுமென்று சொல்லவில்லை, மைக் அணைக்காமல் இருந்தது. கூட்டம் முழுக்க 'ஐயோ' என்றது.

ஊர் அறிய ஒரு பொய் நிஜமாகிக்கொண்டிருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவன் நான். மறுநாள் காலை உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு பஸ் ஏறினேன்.

லயத்து வீட்டில்

லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அக்காவின் வீடு வரிசையில் மூன்றாவது. அன்றைக்குக் கடை விடுமுறை. வாசலில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தவர் கீபோர்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபடி பயம் வந்தது.

பால் சேர்க்காத கட்டன் சாயா வந்தது. சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்து, ஆரம்பியுங்கள் என்பதுபோல் கண்ணைக் காட்டினார். இன்னும் ஒரு மடக்குக் குடித்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு உங்க கொரலுக்கு ஒண்ணும் ஆகுலீங்க. நாந்தான் சுருதிய மூணு படி ஏத்தி வெச்சுட்டனுங்க. காலைல கல்யாணத்துக்கு ஏத்துனத எறக்க மறந்துட்டனுங்க."

அக்கா கையிலிருந்த காரட்டைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பாடிட்டிருக்கறப்பவேங்க. ரெண்டாவது வரியில."

"நான் வந்து போயிருச்சுன்னு சொன்னப்ப?"

"தெரியுமுங்க."

அவர் உள்ளே போனார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. சாமுவேல் அண்ணன் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதம் அந்த வீட்டில் பாட்டு இல்லாமல் இருந்தது என் ஒருவனால் என்று அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் என் டம்ளரை எடுத்து, ஆறிப்போச்சு என்று வேறு சாயா ஊற்றிக்கொண்டு வந்தார்.

அக்கா திரும்பி வந்து, கீபோர்டை எடு என்றார். பிளக் இருந்த இடத்தைக் காட்டினார். நான் உறையைப் பிரித்துக் கட்டிலின் மேல் வைத்தேன். எண்ணை அவரே பார்க்கட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். பழைய இடத்தில் வாசிக்கச் சொன்னார்.

நாலு மாதமாகச் சும்மா கிடந்த தொண்டை. முதல் வரி கரகரவென்று வந்தது. கடைசி 'சொல்லுங்க'வில் குரல் ஏறி, தொட்டு, உடைந்தது. மறுபடி என்றார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது.

நான் செய்தது இன்னும் பெரிய பாவமோ என்று அப்போது பட்டது. முடிந்துபோனது என்று ஒருவர் அழுது ஓய்ந்த பிறகு, இல்லை இல்லை என்று ஆசை காட்டி மறுபடி அழ வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு படி எறக்கு," என்றார்.

இறக்கினேன். அவர் எழுந்து நின்று பாடினார். வந்தாச் சொல்லுங்க, வராட்டியும் சொல்லுங்க. சோறு ஆறுது என்ற இடத்தில் எனக்கு வாசிப்பு தடுமாறியது. கடைசிச் 'சொல்லுங்க' மேலே போனது. போய் நின்றது. முன்பிருந்த பளபளப்பு இல்லை, கொஞ்சம் மண் கலந்திருந்தது. ஆனால் நின்றது. பக்கத்து வீட்டில் குக்கரை யாரோ அவசரமாக இறக்கும் சத்தம் கேட்டது, பிறகு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. யாருக்கோ கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"மொத்தமும் போயிருச்சுன்னு நெனச்சேன். ஒண்ணுதான் போயிருக்கு."

அப்போதுதான் சாமுவேல் அண்ணன் அழுதார். வாசலில் நின்ற பெண்கள் என்ன ஏது என்று கேட்க, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அக்கா சொன்ன பதில்

சாரிடம் நானே பேசுகிறேன், அடுத்த நாடகத்துக்கு வாருங்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வருகிறேன் என்றார் அக்கா. ஒரு படி இறக்கியே பாடுகிறேன், ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்றார். நான் கீபோர்டை உறையில் போட்டு ஜிப் இழுத்ததும் சொன்னார்.

"வேற ஆள வச்சுக்கச் சொல்லு சார்ட்ட."

எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி நின்றேன்.

"இம்புட்டு தூரம் வந்து சொன்ன பாரு, அது பெருசுதான். நான் இல்லைங்கல. பாட்டும் நல்ல பாட்டு, அத நான் விடமாட்டேன். ஆனா நீ இருந்தா, பாடும்போது உன் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்பிடிப் பாட முடியாது தம்பி."

அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் ஒருநாள் ஆறும் என்று காத்திருக்கலாம். அவர் தன் தொண்டைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சரிங்கக்கா என்றேன். சாமுவேல் அண்ணன் என்னைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவரே கீபோர்டைத் தூக்கிக் கொடுத்தார்.

குமரேசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செரி, நான் பாத்துக்கறேன் என்றார். அந்த ஓரத்து இடம் அத்தோடு போயிற்று.

முன்னாலிருந்து பார்த்தபோது

சித்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நாடகம் என்று கேள்விப்பட்டு, போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆறாவது வரிசையில் ஒரு குடும்பத்தின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் கடலை கொடுத்தார்கள்.

அந்த நாடகத்தை நான் முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. எல்லா ஊரிலும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டின்போது எஸ்தரக்காவின் இடது காதும் கழுத்தும்தான் எனக்குத் தெரியும், முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

என் இடத்தில் அடிமாலியிலிருந்து வந்த ஷீபா என்ற பெண் இருந்தார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவராம். மழையைக் கொஞ்சம் அதிகமாகப் பெய்ய வைத்தார், ஹாரன் ஒன்று தவறான லாரிக்கு அடித்தது. மற்றபடி நல்ல கை. நான் குறை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது, ஆனாலும் தேடினேன்.

அக்கா பாட நின்றார். பாசிமாலை இல்லை. கழுத்தில் தழும்பு ஆறாவது வரிசை வரை தெரிந்தது. ஷீபா சுருதி கொடுத்தார். ஒரு படி கீழே.

குரல் வந்ததும் பக்கத்தில் கடலை கொறிக்கும் சத்தம் நின்றது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. நான் எழுதிய வரி, நான் கண்டுபிடித்த குரல், நான் கெடுத்தது, நானே போய் ஒப்புக்கொண்டது. எல்லாம் என்னுடையது, அந்த மேடை மட்டும் இல்லை. மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிச் 'சொல்லுங்க' மேலே ஏறியபோது நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கூட்டத்துக்கு மேலே, தூரத்தில் எங்கேயோ வராத லாரியைத் தேடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை அக்கா ஒரு தடவைகூட கீபோர்டு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.